நாலு தந்திக்கு ஒரு கடிகாரம்

அத்தையின் தம்புராவில் விரிசல் விழுந்தது ஒரு சித்திரை மாதத்தில். தண்டி குடத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை போல ஆரம்பித்து, ஆடிக்குள் நகம் நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டது. ஆசாரி வந்து பார்த்தார். குடத்தைத் தட்டினார், விரிசலில் ஊதிப் பார்த்தார், பிருடைகளைத் தளர்த்தி நாலு தந்தியையும் கழற்றிச் சுருட்டி அத்தை கையில் கொடுத்தார். "ஒட்டித் தர்றேன்மா. பார்வைக்கு நல்லா இருக்கும். ஆனா தந்தி ஏத்தாதீங்க, இழுப்பு தாங்காது."

கும்பகோணத்தில் அத்தை வீட்டுக்குச் சின்ன வயதில் விடுமுறைக்குப் போவேன். காலையில் என்னை எழுப்பியது தம்புராதான். அத்தைக்குச் சுருதி ஐந்து கட்டை. நடுவிரலால் பஞ்சமம், ஆள்காட்டி விரலால் ஸட்ஜத் தந்திகளான சாரணி, அனுசாரணி, கடைசியில் பித்தளைத் தந்தியில் மந்தரம். அந்த நாலு மீட்டல் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்கு ஒரு தரை கிடைத்தது போல இருக்கும். அதன் மேல்தான் மற்ற சத்தங்கள் எல்லாம் நடக்கும்.

தம்புரா ஓய்ந்தபின் அத்தை ஒரு மாணவியிடம் மின்னணுச் சுருதிப் பெட்டியை இரவல் வாங்கிச் சில மாதம் ஓட்டினார். அவள் கல்யாணமாகிப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு செல்போனில் ஒரு செயலி. அழைப்பு வந்தால் சுருதி நின்றுவிடும். அதைவிடப் பெரிய குறை, போனில் மந்தரம் கேட்காது. ஐந்து கட்டைக்கு மந்தர ஸட்ஜம் 98 ஹெர்ட்ஸ். சட்டைப்பையில் அடங்கும் ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வைக் காற்றில் தள்ள முடியாது. மேற்சுரங்களை வைத்து நம் காது ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஊகித்துக்கொண்ட ஸட்ஜத்தின் மேல் உட்கார்ந்து பாட அத்தைக்கு மனம் ஒப்பவில்லை.

"ஏண்டா, நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குற. இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்டார்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை மாலை முழுக்கச் சுற்றி வாங்கியவை இவை: ராஸ்பெர்ரி பை பிக்கோ ஒன்று, எண்களை ஒலி அலையாக மாற்றும் டி.ஏ.சி. போர்டு ஒன்று, கட்டைவிரல் அளவில் ஒரு ஆம்ப்ளிஃபயர், நாலு அங்குல ஸ்பீக்கர், பிரெட்போர்டு, ஒரு கட்டு ஜம்பர் வயர். பிக்கோ 2021 ஜனவரியில் நாலு டாலர் விலையில் வெளிவந்த கணினி. நீளம் 51 மில்லிமீட்டர், அகலம் 21. உள்ளே இரண்டு மையச் செயலிகள், 264 கிலோபைட் நினைவகம். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. இதற்கு அண்ணனான பெரிய ராஸ்பெர்ரி பையை நான் வேண்டுமென்றே வாங்கவில்லை. அது லினக்ஸை ஏற்றி விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். பாட உட்கார்ந்தவர் வாத்தியம் எழுந்திருக்கக் காத்திருக்கக் கூடாது. பிக்கோவில் மின்சாரம் பாய்ந்த மறுகணம் நம் நிரல் ஓடத் தொடங்கும்.

முதல் வடிவம் ஒரே இரவில் தயாரானது. பிக்கோவின் ஒரு மின்முனையை மேலே, கீழே என்று நொடிக்கு 196 முறை ஏற்றி இறக்கினால் ஐந்து கட்டை ஸட்ஜம். பியானோ சுரங்களின் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்தேன். ஸட்ஜத்துக்கு 196.00, கீழ்ப் பஞ்சமத்துக்கு 146.83. கும்பகோணத்துக்கு எடுத்துப்போய் அத்தை முன்னால் வைத்து ஓட்டினேன். கரகரவென்று ஹாரன் போன்ற ஒலி. அதைப்பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன். அத்தை கண்ணை மூடி அரை நிமிடம் கேட்டார்.

"சத்தம் கெடக்கட்டும். பஞ்சமம் நிக்கலையேடா."

அவர் சொன்னதைக் கணக்காகப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. பியானோ, ஆர்மோனியம் போன்ற கட்டை வாத்தியங்களில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமக் கூறாகப் பங்கிட்டிருக்கிறார்கள். எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் வாசிக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பங்கீட்டில் பஞ்சமம் ஸட்ஜத்தைப்போல் 1.498 மடங்கு. தம்புராவில் அது 1.5 மடங்கு, அதாவது இரண்டுக்கு மூன்று. வித்தியாசம் கடுகளவுதான். ஆனால் ஸட்ஜத்தின் மூன்று மடங்கு மேற்சுரமும் கீழ்ப் பஞ்சமத்தின் நான்கு மடங்கு மேற்சுரமும் ஒரே இடத்தில், 588 ஹெர்ட்ஸில், வந்து உட்கார வேண்டும். என் பெட்டியில் ஒன்று 588லும் மற்றது 587.3லும் உட்கார்ந்தன. அதனால் ஒன்றரை வினாடிக்கு ஒருமுறை ஒலி பெருத்துச் சிறுத்தது. இயற்பியல் புத்தகத்தில் விம்மல் என்று படித்தது இதுதான். பரீட்சைக்காகப் படித்த அந்தச் சொல்லை அத்தை காதால் கண்டுபிடித்திருக்கிறார்.

146.83ஐ 147 ஆக்கினேன். பஞ்சமம் நின்றது. இனி ஹாரனைத் தந்தியாக்க வேண்டும்.

அதற்கு 1983ல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் என்ற இருவர் 'கம்ப்யூட்டர் மியூசிக் ஜர்னல்' இதழில் எழுதிய வழியைப் பிடித்தேன். அது எனக்கு இன்னும் ஆச்சரியம். தந்தி என்று எதையும் வரைவதில்லை. எண்களின் ஒரு வரிசை, அவ்வளவுதான். வரிசையைத் தாறுமாறான எண்களால் நிரப்ப வேண்டும். தந்தியை இழுத்து விட்டதற்கு அது சமம். பிறகு முதல் எண்ணை எடுத்து ஒலியாக வெளியே அனுப்பி, அதையும் அடுத்த எண்ணையும் கூட்டிப் பாதியாக்கி, வரிசையின் வாலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மறுபடி முதல் எண், மறுபடி வால். எண்கள் இப்படி வட்டமடிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் கூர்மைகள் மழுங்கி, மேற்சுரங்கள் முதலில் அடங்கி, அடிச்சுரம் கடைசிவரை நின்று தேய்கிறது. மீட்டிய தந்தியில் நடப்பதும் அதுவேதான். பெருக்கல்கூட வேண்டாம். கூட்டலும் பாதியாக்கலும் போதும். அந்தக் காலத்து ஏழைச் செயலிகளுக்காக யோசித்த வழி, நாலு டாலர் செயலிக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

வரிசையின் நீளம்தான் சுருதி. ஒலியை நொடிக்கு 44,100 சாம்பிளாக வெளியே அனுப்புகிறோம் என்றால், 196 ஹெர்ட்ஸ் தந்திக்கு எத்தனை எண்கள் வேண்டும்? வகுத்துப் பார்த்தேன். மீதியில்லாமல் 225. பஞ்சமத்துக்கு 147ஆல் வகுத்தால் 300. மந்தரத்துக்கு 98ஆல் வகுத்தால் 450. கணக்குத் தாளை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். மூன்றும் முழு எண்கள். அத்தையின் ஐந்து கட்டைக்காகவே யாரோ 44,100 என்று முடிவு செய்தது போல இருந்தது.

அந்த மகிழ்ச்சி சுருண்டது அடுத்த கும்பகோணப் பயணத்தில். இந்த முறை ஒலி தந்தியாகவே இருந்தது. அத்தை முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு புருவம் சுருங்கியது.

"சாரணியும் மந்தரமும் ஒட்டலை. சண்டை இல்லை. ஆனா ஒட்டலை."

வீட்டுக்கு வந்து ஒலியைப் பதிவு செய்து அளந்தேன். நாலரை வினாடிக்கு ஒரு விம்மல். எண்கள் எல்லாம் முழு எண்கள், எங்கிருந்து வருகிறது இது? இரண்டு நாள் தேடிய பிறகு கிடைத்தது. அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கூட்டிப் பாதியாக்குகிறோம் அல்லவா, அந்தச் சராசரி இரண்டுக்கும் நடுவே, அரை சாம்பிள் தள்ளி விழுகிறது. ஆகவே என் தந்திகளின் உண்மையான நீளம் 225.5, 300.5, 450.5. ஸட்ஜம் 225.5 என்றால் மந்தரம் அதில் இரட்டிப்பாக 451 இருக்க வேண்டும். அரை எண் குறைந்தது. நொடியின் எண்பத்தெட்டாயிரத்தில் ஒரு பங்கு. அதைத்தான் அத்தை ஒட்டலை என்றார்.

தீர்வு எளிதாக இருந்தது. இரண்டு எண்களுக்குப் பதில் மூன்று. நடு எண்ணில் அரைப் பங்கு, இருபுறமும் கால் பங்கு. இப்போது சராசரி சரியாக நடு எண்ணின் மேல் விழும். தாமதம் அரையாக இல்லாமல் முழுதாக ஒரு சாம்பிள். வரிசை ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைக் குறைத்து 224, 299, 449 என்று வைத்தால் கணக்கு முடிந்தது. இன்னொரு லாபமும் சேர்ந்தது. இருபுறப் பங்குகளைச் சமமாக ஏற்றி இறக்கினால் சுருதி அசையாமல், தந்தியின் பிரகாசம் மட்டும் கூடிக் குறையும்.

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அத்தையின் மாணவர்கள் எல்லோரும் ஐந்து கட்டை இல்லை. ஒன்றரைக் கட்டையில் பாடும் பையன் ஒருவன் இருந்தான், நாலரைக் கட்டைப் பெண்கள் இருந்தார்கள். நாலரைக் கட்டை ஸட்ஜம் 185 ஹெர்ட்ஸ். 44,100ஐ அதால் வகுத்தால் 238.4 சொச்சம். பின்னத்தில் வரிசை வைக்க முடியாது. இதற்கும் ஒரு வழி உண்டு. கார்ப்ளஸ்–ஸ்ட்ராங் கட்டுரை வந்த அதே ஆண்டில் டேவிட் ஜாஃபும் ஜூலியஸ் ஸ்மித்தும் பின்ன நீளத்தைத் தரும் வடிகட்டி ஒன்றை எழுதிக் காட்டிவிட்டார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. ஆனால் நாலு தந்திக்கும் நாலு பின்னம், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு துளிப் பிழை. கட்டையை மாற்றும்போதெல்லாம் நாலு பிருடையையும் தனித்தனியாகத் திருகுவது போல. எனக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பேருந்தில் வரும்போது தோன்றியது இது: தந்தியின் நீளத்தை ஏன் மாற்ற வேண்டும்? கடிகாரத்தை மாற்றினால் என்ன?

44,100 என்பது குறுந்தகட்டுக்குரிய எண். என் பெட்டி குறுந்தகடு இல்லை. பிக்கோவின் கடிகாரத்தை நான் கேட்கிற வேகத்தில் ஓட்டலாம், நான் கேட்ட வேகங்களில் எல்லாம் டி.ஏ.சி. போர்டு பின்தொடர்ந்தது. அப்படியானால் ஸட்ஜத் தந்தி எந்தக் கட்டையிலும் ஒரே நீளம் இருக்கட்டும். கட்டை உயர்ந்தால் கடிகாரம் வேகமாகத் துடிக்கும், தாழ்ந்தால் மெதுவாக. 225ஐ மாத்திரம் மாற்ற வேண்டியிருந்தது. பஞ்சமம் இல்லாத ராகங்களுக்கு அந்தத் தந்தியை மத்திமத்துக்கு இறக்குவார்கள். 225 என்றால் மத்திமத்துக்கு 337.5 வரும், மறுபடி அரை. 240 என்று வைத்தேன். ஸட்ஜம் 240, பஞ்சமம் 320, மத்திமம் 360, மந்தரம் 480. எல்லாம் முழு எண்கள். இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நாலு, ஒன்றுக்கு இரண்டு என்று தம்புரா காலங்காலமாகச் சொல்லிவந்த விகிதங்கள், முழு எண்களை மட்டுமே எண்ணத் தெரிந்த ஒரு சில்லில் மிச்சம் மீதியில்லாமல் அமர்ந்தன. ஐந்து கட்டைக்கு நொடிக்கு 47,040 துடிப்பு. ஒன்றரைக் கட்டைப் பையனுக்கு ஏறக்குறைய 33,260. கடிகாரம் ஒரு நூல் தப்பினாலும் நாலு தந்தியும் சேர்ந்தே தப்பும், ஒன்றைவிட்டு ஒன்று விலகாது.

நாலு தந்திக்கும் சேர்த்து 1,280 எண்கள். இந்தப் பெட்டி பிறந்த நாள் எது என்று கேட்டால் நான் அந்தப் பேருந்துப் பயணத்தைத்தான் சொல்வேன்.

ஆனாலும் அது இன்னும் தம்புரா ஆகவில்லை. சுத்தமான, சேர்ந்த, உயிரில்லாத நாலு தந்தி. கிடாரின் பக்கத்து வீட்டுக்காரர் போல ஒலித்தது. தாறுமாறான எண்களுக்குப் பதில், விரலின் சதையால் தந்தியின் நடுப்பகுதியை மெல்ல இழுத்த முக்கோண வடிவத்தை வரிசையில் நிரப்பினேன். உலோகச் சத்தம் போனது, உயிர் வரவில்லை. அத்தை ஒரே வார்த்தையில் சொன்னார்: "ஜீவாளி."

தம்புராவின் குதிரை தட்டையான மேடை போல இருக்கும், முன்பக்கம் மிக லேசாகச் சரியும். ஜீவாளிக்காகத் தந்திக்கும் அதற்கும் நடுவே ஒரு நூல் இழையைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஓர் இடத்தில் தந்தி திடீரென்று மலரும். ஒரு மீட்டலுக்குள் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து இறங்கி வரும். கல்கத்தாவில் சர் சி. வி. ராமன் வீணையின் குதிரையையும் தம்புராவின் குதிரையையும் ஆராய்ந்து 1921ல் கட்டுரை எழுதினார். தந்தியை ஒரு புள்ளியில் மீட்டினால், அந்தப் புள்ளியில் கணு கொண்ட மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது தாமஸ் யங் காலத்திலிருந்து நிலைத்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை கணீரென்று எழுகின்றன என்று ராமன் காட்டினார். காரணம் குதிரை. தந்தி அதன் மேல் அழுந்தும்போது கொஞ்சம் குட்டையாகிறது, எழும்போது கொஞ்சம் நீளமாகிறது. ஒவ்வோர் அதிர்விலும் குதிரை தந்தியைத் தொட்டுத் தொட்டு மேற்சுரங்களைப் புதிதாக ஊட்டுகிறது. திருவானைக்காவலில் பிறந்தவர், அறிவியலால் உலகம் அறிந்தவர், காதால் கேட்ட ஓர் அதிசயத்துக்குக் கணக்கு தேடிப் போயிருக்கிறார். அந்தக் கட்டுரையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ராமன் சொன்னதை நிரலில் எழுதினேன். வரிசையிலிருந்து எண்ணை எடுக்கும் இடம் நிலையாக இருக்காமல், தந்தி அந்தக் கணத்தில் எவ்வளவு மேலே இருக்கிறதோ அதற்கேற்பத் துளி முன்னே பின்னே நகரும். எவ்வளவு நகர வேண்டும் என்பதுதான் கேள்வி. அதிகம் வைத்தால் வண்டு ரீங்காரம். குறைத்தால் மறுபடி கிடார். மூன்று வாரம் எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் அந்த அளவுக்கு ஒரு குமிழ் வைத்து அத்தை கையில் கொடுத்துவிட்டேன். அது நூல் என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நூலை நகர்த்தும் அதே பொறுமையோடு குமிழைத் திருப்பினார். போனார், வந்தார், மறுபடி போனார். ஓரிடத்தில் பெட்டி மலர்ந்தது. அடுக்களையிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

பெங்களூரில் 1979ல் ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். பொறியாளர், புல்லாங்குழல் வாசிப்பவரும்கூட. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அன்று புரிந்தது. எனக்கு ஒரு பாதிதான் இருந்தது. மறு பாதி எதிரே பாயில் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பாதி சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. நான் நாலு மீட்டலையும் இம்மி பிசகாத இடைவெளியில் வைத்திருந்தேன். "தம்புரா தாளம் போடக் கூடாதுடா. நான் ஆதி தாளம் போட்டா இது வேற கணக்குல இழுக்குது" என்றார் அத்தை. கை மீட்டும்போது இடைவெளி தானாகக் கொஞ்சம் நெகிழும், அழுத்தமும் மீட்டலுக்கு மீட்டல் மாறும். அந்த நெகிழ்ச்சியைச் சின்ன அளவில் நிரலில் சேர்த்த பிறகு தாளம் கலைந்து, ஓட்டம் மட்டும் நின்றது.

மற்றவை வழக்கமான சில்லறைத் தொல்லைகள். பவர் பேங்கில் ஓட்டினேன். பெட்டி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து அது பாட்டு நடுவில் அணைந்துவிட்டது. மூன்று பென்சில் செல்லுக்கு மாறினேன். சாதாரண வால்யூம் குமிழை வைத்துக் கட்டையை மாற்றியபோது, பிக்கோ அதை அளப்பதில் உள்ள நடுக்கம் சுருதியில் கேட்டது. சொடுக்குச் சொடுக்காகத் திரும்பும் என்கோடர் வைத்ததும் நடுக்கம் தீர்ந்தது.

மிச்சம் இருந்தது மந்தரம். நாலு அங்குல ஸ்பீக்கரை ஒரு பிளைவுட் பெட்டியில் வைத்துப் பார்த்தேன், அட்டைப்பெட்டியில் பார்த்தேன், மண்பானை வாயிலும் வைத்துப் பார்த்தேன். போனைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் 98 ஹெர்ட்ஸ் தேய்ந்தே வந்தது. அத்தை பானையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். ஒட்டிய விரிசலோடு, தந்தி இல்லாமல், துணி உறை போட்டு மூலையில் சாய்த்திருந்த தம்புராவை எடுத்து வந்து பாயில் கிடத்தினார்.

"இதுக்கு மேல வை."

ஸ்பீக்கரை அதன் கூட்டிலிருந்து பிரித்து, குதிரைக்குப் பக்கத்தில் மேல்பலகையில் முகம் பதியக் கவிழ்த்து, துணியால் கட்டினோம். தந்தியின் இழுப்பைத்தான் அந்த மரம் தாங்காது. அதிர்வைத் தாங்கும். பெட்டியை ஓட்டினேன். பஞ்சமம், சாரணி, அனுசாரணி வந்தன. பிறகு மந்தரம், பலாமரக் குடம் முழுவதிலும் நிறைந்து, பாய் வழியாக என் முழங்காலுக்கு வந்தது. அத்தை குடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

பாட ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டு, "அஞ்சு இப்ப எட்டலைடா. நாலரைக்கு வை" என்றார்.

என்கோடரை ஒரு சொடுக்கு இடப்பக்கம் திருப்பினேன். கடிகாரம் 47,040லிருந்து 44,400க்கு இறங்கியது. நாலு தந்தியும் ஒன்றாக இறங்கி நின்றன. அத்தை மறுபடி முதல் வரியிலிருந்து எடுத்தார்.